தீவகத்தின் உளைவு: நோயாளியின் சொல் சாட்சியமாகாதா?

ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழும் நம் மக்களிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, பெயர் சொல்லப்படாத நோயொன்று நெடுங்காலமாகக் குடிகொண்டிருக்கிறது. அந்நோய்க்குக் காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. கழுத்திலே நோ, தோளிலே நோ, நாரியிலே நோ, முழங்காலிலே நோ. ஒரு நாள் இரண்டு நாளோடு அது போவதன்று. மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் தொடர்வது. இரவிற் படுத்தால் நித்திரை வருவதில்லை; வந்தாலும் நிலைப்பதில்லை; விடியலில் எழும்பும்போது இரவு முழுவதும் கல் சுமந்தவரைப் போன்ற அலுப்பு. "உடம்பெல்லாம் உளையுது, படுத்தெழும்பினாலும் படுக்காத மாதிரித்தான் இருக்கு" என்று அவர்கள் சொல்கிறார்கள். கேட்பவர் யார்?

மருத்துவ உலகம் இந்நோய்க்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர் வைத்திருக்கிறது. நாரும் தசையும் நோகும் நிலை என்பதே அச்சொல்லின் பொருள். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு வெளியான கணிப்பொன்று, மக்களுள் 100க்கு 2 பேர் அளவில் இந்நோய் உடையவர் என்றும், பெண்களுள் 3.4 வீதம், ஆண்களுள் 0.5 வீதம் என்றும் கண்டது. தீவகத்துக்கு மட்டும் இயற்கை விதிவிலக்கு அளித்திருக்கிறது என்று எண்ணுவதற்கு யாதொரு நியாயமுமில்லை.

நாம் வைத்தியரல்லோம், சட்டம் படித்தவர்கள். அவ்வாறிருக்க இவ்விடயத்தில் ஏன் தலையிட்டோம் என்று வாசகர் கேட்கலாம். வைத்தியசாலையிற் கிடைக்காத நீதியைத் தேடி இந்நோயாளர் இறுதியில் வந்து நிற்பது சட்டத்தரணியின் வாசலிலேதான். வெங்காயத் தோட்டத்திற்குக் கூலிக்குப் போன பெண், இனிக் குந்தியிருந்து களை பிடுங்க உடம்பு இடங்கொடாது என்று உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கிறார். எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமில்லை, இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆகவே உமக்கு ஒன்றுமில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. எழுதுவினைஞராகக் கடமையாற்றுபவர் மாதத்தில் நான்கு நாள் சுகயீன விடுமுறை கேட்டால், மேலதிகாரி சிரிக்கிறார். படத்திலே தெரியாதது உடம்பிலே இல்லை என்பது எந்த ஊர்த் தருக்கம்?

சட்டம் சொல்வது யாது?

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமே இலங்கை நீதிமன்றங்களில் எது சாட்சியம், எது சாட்சியமன்று என்பதைத் தீர்மானிப்பது. அதன் 14ஆம் பிரிவை நம் வைத்திய அன்பர்கள் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. ஒருவருடைய உடல்நிலையோ உடலுணர்ச்சியோ வழக்கில் எழுவினாவாக நிற்கும்போது, அந்நிலையைக் காட்டும் நிகழ்வுகள் யாவும் தொடர்புடைய சான்றாகும் என்பது அப்பிரிவின் கருத்து. அதற்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள் இன்னும் தெளிவானவை. நஞ்சினால் இறந்தாரோ என ஐயுறப்படும் ஒருவர் தம் நோயின்போது தமக்கிருந்த குணங்குறிகளைப் பற்றிச் சொல்லிய சொற்கள் சான்றாகும். ஆயுட் காப்புறுதி பெற்றவர் அக்காலத்திலே தம் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லிய சொற்கள் சான்றாகும். உடம்புக்குள்ளே நிகழ்வதை உடம்புக்கு உரியவரன்றி வேறு யார் அறிவார் என்னும் எளிய உண்மையை, எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட அதே 1895ஆம் ஆண்டிலே, இச்சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

134ஆம் பிரிவோ, எந்த நிகழ்வையும் நிரூபிப்பதற்கு இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற எண்ணிக்கை கிடையாது என்கிறது. நம்பத்தக்க ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு கொலைக் குற்றத்தையும் நிரூபிக்கலாம். ஆனால் நெடுந்தீவுப் பெண்ணொருவர் தம் நாரி நோகிறது என்று சொன்னால் மட்டும், எக்ஸ்ரே படத்தை இரண்டாம் சாட்சியாக அழைத்து, அது வாய் திறக்கவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம்! இது விந்தையிலும் விந்தையன்றோ?

சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். முன்னுக்குப் பின் முரண் உண்டா என்று பாருங்கள். விசாரியாமலே தள்ளுவதைத்தான் கண்டிக்கிறோம். இந்நோயில் விசாரணை எங்கே தொடங்கவேண்டும் என்பதிலும் நமக்கு ஒரு கருத்துண்டு. "எங்கே நோகிறது?" என்ற கேள்வி எல்லா வைத்தியசாலைகளிலும் கேட்கப்படுகிறது. "எப்படி நித்திரை கொள்கிறீர்?" என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. நோயின் திறவுகோல் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியிலேதான் இருக்கிறது.

நோவும் நித்திரையும்

1904ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற வைத்தியர் இத்தகைய நோவுக்குப் பைப்ரோசைட்டிஸ் எனப் பெயரிட்டார். நார்களில் அழற்சி என்பது பொருள். பின்வந்தோர் தசையைக் கீறி நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர், அழற்சியைக் காணவில்லை. பெயர் பொய்த்தது, நோவோ பொய்க்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தசையிலேயே தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடிய இடந்தான் தவறு.

கனடாவின் ரொறன்ரோ நகரில், இன்று நம் தீவகத்தார் பெருந்தொகையாக வாழும் அதே நகரில், ஹார்வி மொல்டோவ்ஸ்கி என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 1975ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளர் உறங்கும்போது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். ஆழ்ந்த உறக்கத்தில் மூளையலை மெதுவாகவும் பெரிதாகவும் எழுந்து விழும். இந்நோயாளரின் ஆழ்ந்த உறக்கத்துக்குள்ளே, விழித்திருப்பவரிடம் காணப்படும் விரைவான அலைகள் இடையிடையே புகுந்து கிடந்தன. ஆள் உறங்குகிறார், மூளையின் ஒரு பகுதி காவலிருக்கிறது! படுத்தெழும்பினாலும் படுக்காத மாதிரி என்று நம் பெண்கள் சொல்வது வெறும் பேச்சன்று, கருவி வைத்து அளக்கத்தக்க உண்மை என்பது அப்போது புலனாயிற்று.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. நோயற்ற மாணவர் சிலரை உறங்க வைத்து, ஆழ்ந்த உறக்கம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒலியெழுப்பி அதைக் கலைத்தனர். இவ்வாறு மூன்று இரவுகள். நல்லுடம்போடு வந்தவர்களுக்குத் தசைநோவும், தொட்டால் நோகும் தன்மையும், அலுப்பும் உண்டாயின. ஆழ்ந்த உறக்கத்தை விட்டுவிட்டுக் கனவு காணும் உறக்கத்தை மட்டும் கலைத்தபோது அவ்வாறு நேரவில்லை. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடிப் பழகிய சிலருக்கு ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்தும் நோவு வரவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. அதன் பயனைப் பின்னர் சொல்வோம்.

எதிர்த்தரப்பார் எழுந்து கேட்குமுன் ஒன்றை நாமே சொல்லிவிடுகிறோம். அந்த விரைவலைகள் இந்நோயாளர் எல்லாரிடத்தும் காணப்படுவதில்லை. நோயற்ற சிலரிடத்தும் காணப்படுகின்றன. ஆகவே அலைப்பதிவைக் கொண்டு நோயை நிச்சயிக்க முடியாது. ஆனால் கெட்ட உறக்கம் நோவை வளர்க்கும் என்ற முடிவு பிற்கால ஆய்வுகளால் வலுப்பெற்றே வந்திருக்கிறது. நோர்வே நாட்டில் இந்நோயில்லாத 12,350 பெண்களைப் பத்தாண்டுக்கு மேலாகப் பின்தொடர்ந்து 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் அடிக்கடி நித்திரையின்றி வருந்தியவர்களுக்கு, நன்கு உறங்கியவர்களைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேலாக இந்நோய் உண்டாகியிருந்தது. நோவு வந்ததால் நித்திரை போயிற்று என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நித்திரை போனதால் நோவு வந்ததும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு செக்குமாடு போலச் சுற்றுகின்றன.

இதன் இயக்கத்தைத் தோட்டஞ் செய்பவருக்கு விளக்குவது எளிது. உடம்பின் மூலை முடுக்கெல்லாமிருந்து உணர்ச்சிகள் வாய்க்கால் நீர் போல முள்ளந்தண்டு வழியாக மூளைக்கு ஏறுகின்றன. எல்லா நீரையும் பாத்திக்குள் விட்டால் பயிர் அழுகும். ஆகவே மூளை, மேலிருந்து ஆளனுப்பி வேண்டாத மடையை அடைக்கிறது. அந்த ஆளுக்கு வலு ஊறுவது ஆழ்ந்த உறக்கத்திலே. பல இரவுகள் உறக்கங் கெட்டால் மடை அடைபடுவதில்லை. சிறு தொடுகையும் நோவாகப் பாய்கிறது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரேஸ்லி என்பவரும் குழுவினரும் இந்நோயாளரின் கட்டைவிரல் நகத்தை மெல்ல அழுத்தி, அவ்வேளை மூளையைப் படம்பிடித்தனர். நலமுள்ளவருக்கு நோவை உண்டாக்கும் அழுத்தத்தின் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவே நோயாளருக்கு அதே நோவை உண்டாக்கியது. மூளையின் நோவுணரும் பகுதிகளும் அதற்கேற்பவே இயங்கின. நடித்துக் காட்டுவோரின் மூளை இவ்வாறு ஒத்துழைக்குமா?

நிற்க. நோயை நிச்சயிக்கும் முறையும் மாறிவிட்டது. 1990ஆம் ஆண்டு அமெரிக்க வாதநோய்க் கல்லூரி, உடம்பின் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களில் நோவிருந்தால் இந்நோய் எனலாம் என்று வகுத்தது. 2010ஆம் ஆண்டு அதே கல்லூரி வகுத்த புதிய அளவுகோலில் விரல் கொண்டு அழுத்தும் முறை கைவிடப்பட்டது. நோவு எங்கெங்கே பரந்திருக்கிறது, எத்துணை அலுப்பு, நினைவு தடுமாறுகிறதா என்பவற்றோடு, உறங்கி எழும்போது உடம்பு தேறியிருக்கிறதா என்ற கேள்வியும் இலக்கணத்துக்குள்ளேயே இடம்பெற்றது. நாம் மேலே கேட்டோமே, நோயாளியின் சொல் சாட்சியமாகாதா என்று? ஆகும் என்று வாதநோய் வல்லுநரே தீர்ப்பளித்துவிட்டனர். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய்ப் பட்டியலோ, நாட்பட்ட நோவை வேறொரு நோயின் நிழலாகக் கொள்ளாமல் தனியொரு நோயாகவே பதிவுசெய்கிறது.

தீவகத்தின் இரவு

நம் தீவுகளில் இரவு எவ்வாறு கழிகிறது என்பதை நகரத்து வைத்தியர் அறிவாரா? வலை வைக்கும் குடும்பத்தில் ஆண் உறங்குவதும் எழுவதும் கடலின் கணக்கிலே. அவர் புறப்படுமுன் தேநீர் வைத்துக் கொடுக்க எழும்பும் பெண் பின்னர் படுப்பதில்லை. தோட்டக்காரர் வீட்டிலும் விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். குடிநீருக்குக் காத்துக்கிடக்கும் தீவுகளில் நீர் வரும் நேரமே எழும்பும் நேரம். ஒரே சீராக ஆறு மணி நேரம் உறங்குவது பல வீடுகளில் நோயற்றவருக்கே வாய்க்காத செல்வம்.

இனி வைத்தியசாலைப் பயணத்தைக் கவனியுங்கள். நெடுந்தீவார் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போவதானால் விடியுமுன் எழும்பி இறங்குதுறைக்கு வரவேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் தாண்டிக் குறிகட்டுவான், அங்கிருந்து பேருந்து, புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணைப் பாலம், அதன்பின் வரிசை. அனலைதீவாரும் எழுவைதீவாரும் முதலில் படகேறி ஊர்காவற்றுறைக்கு வந்தாகவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. கிளினிக்குத் திகதி தவறும். நித்திரை கெட்டதால் வந்த நோய்க்கு மருந்து வாங்க இன்னோர் இரவின் நித்திரையை விலையாகக் கொடுக்கிறோம். வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றவருக்கு வைத்தியர் கொடுப்பது ஐந்து நிமிடம்.

இந்தக் கடல்வழி வெறும் போக்குவரத்துப் பாதையுமன்று. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிலே நம் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டது இவ்வழியிலேதான். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீவகத்தார் ஆயிரக்கணக்கில் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். வெடியோசைக்கும் கதவு தட்டும் ஓசைக்கும் செவி கொடுத்தபடி ஆண்டுக்கணக்காகப் படுத்த தலைமுறைக்கு, மூளையின் ஒரு பகுதி காவலிருக்கும் உறக்கம் என்பதை ரொறன்ரோ ஆய்வாளர் வந்து விளக்கவேண்டியதில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும் 1994ஆம் ஆண்டு பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, வட இலங்கையின் பொதுமக்கள் 101 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் 41 வீதத்தினரிடம் துயரம் உடல் நோவாகவும் உடற் குறையாகவும் வெளிப்பட்டிருந்தது. அவ்வாய்வு கண்ட உளத் தாக்கங்களுள் அதுவே அதிகம்.

இதை எடுத்துக்காட்டுவதில் ஓர் இடருண்டு. "அப்படியானால் இது மனசு சம்பந்தப்பட்டதுதான்" என்று உடனே ஒரு முத்திரை குத்தி, கோவையை மூடிவிடுவார்கள். போர் கண்டவர் எல்லாருக்கும் இந்நோயில்லை. போரே காணாத நாடுகளிலும் இந்நோயுண்டு. அச்சமும் துயரமும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. கெட்ட உறக்கம் நரம்பின் வழியே நோவைப் பெருக்குகிறது. இது உடம்பில் நிகழ்வது. மனநோய் என்று சொல்லிவிட்டால் மருந்தும் தேவையில்லை, உதவிப் பணமும் தேவையில்லை என்று கருதுவோர், மனநோயாளருக்கும் சேர்த்தே அநீதி செய்கிறார்கள்.

நம் வீடுகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விடமுடியாது. "வேலைக்குக் கள்ளம்" என்ற சொல் எந்த அலுவலகத்திலும் பிறக்கவில்லை, அடுக்களையிலேதான் பிறந்தது. மருமகள் விடிய எழும்பாவிட்டால் மாமியார் சொல்வது அது; கணவன் வாய்விட்டுச் சொல்லாமல் முகத்தினாற் காட்டுவது அது. ஆணுக்கு இந்நோய் வந்தால் அவன் வாய் திறப்பதே இல்லை. குடித்துவிட்டு உறங்குகிறான், அந்த உறக்கமும் ஆழ்ந்த உறக்கமன்று என்பதை அறியான்.

குளிசைப் பொட்டலம்

இந்நோயாளருக்கு நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பது என்ன? டைக்குளோபினாக் முதலிய நோவுக் குளிசைகள். அழற்சியைத் தணிக்கும் அம்மருந்துகளுக்கு, அழற்சியே இல்லாத நோயில் என்ன வேலை? ஐரோப்பிய வாதநோய்க் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் இவ்வகைக் குளிசைகள் இந்நோய்க்குப் பரிந்துரைக்கப்படவில்லை. மாதக்கணக்காக விழுங்கினால் இரைப்பை புண்படுவதும் சிறுநீரகம் கெடுவதுமே மிச்சம். கடையிலே கேட்டு வாங்கும் நித்திரைக் குளிசையோ, நேரத்தைக் கூட்டினாலும் உறக்கத்தின் ஆழத்தைக் குறைத்துவிடக்கூடியது, பழகினால் விடாது.

அதே வழிகாட்டல் உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்று: உடற்பயிற்சி. அதிலும் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சி. நாள்தோறும் ஓடிப் பழகியவர்களுக்கு நோவு வரவில்லை என்று மேலே சொன்னோமல்லவா? "நாள் முழுவதும் தோட்டத்தில் முறிகிறோம், இதற்கு மேல் பயிற்சியா?" என்று நம் விவசாயப் பெருமக்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குனிந்த நாரியோடு ஒரே நிலையில் ஆறு மணி நேரம் குந்தியிருப்பது உழைப்பு, பயிற்சியன்று. மாலையில் வீசிய கையோடு பத்து நிமிடம் நடந்து, வாரத்துக்கு இரண்டு நிமிடமாகக் கூட்டிப் போவது பயிற்சி. முதல் நாளே இரண்டு மைல் நடந்து மறுநாள் படுத்துவிடுவோர் பலர்; அதுதான் இந்நோயில் ஆகாதது. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்நோயாளர் 66 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், தாய்ச்சி என்னும் சீனத்து மெல்லசைவுப் பயிற்சியை 12 வாரம் பயின்றவர்களுக்கு நோவும் குறைந்தது, உறக்கமும் சீரடைந்தது.

மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அமிற்றிப்டிலின் என்னும் மலிவான பழைய மருந்தை இரவில் மிகக் குறைந்த அளவிற் கொடுப்பது சிலருக்கு நோவையும் உறக்கத்தையும் ஒருங்கே சீராக்குகிறது. அதற்கு வைத்தியரின் மேற்பார்வை வேண்டும். இரவில் கால் கூசி, அசைக்காமல் இருக்க முடியாது என்பவருக்கு இரத்தத்தில் இரும்புச் சத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும். நம் பெண்களிடத்து அக்குறை மலிந்திருக்கிறது. பெருங்குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறுபவருக்கு அதுவே உறக்கத்தைக் கெடுக்கும் தனி நோயாக இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? 2005ஆம் ஆண்டு எடிங்கர் என்பவரும் குழுவினரும் இந்நோயாளர் 47 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், குளிசையின்றி, படுக்கை நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தி, படுக்கையைப் பற்றிய அச்சத்தைப் போக்கும் பயிற்சியினால், இரவில் விழித்துக்கிடக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நோவும் அதே அளவிற் குறைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் உறக்கம் திரும்புவதே நோயாளருக்குப் பாதி உயிர் திரும்புவதாகும்.

பரிகாரியாரிடம் போவோரை நாம் ஏளனஞ் செய்யோம். எண்ணெய் தேய்த்து ஒற்றடம் கொடுக்கும்போது உடம்பு தளர்ந்து அன்றிரவு நித்திரை வருவது கண்கூடு. பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்களைப் பெற்ற நாடு இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த வைத்தியம் கற்பித்து வருகிறது. பரிகாரியார் பசி, மலம், நித்திரை மூன்றையும் கேட்காமல் மருந்து கொடார். அந்தக் கேள்வி முறையை ஆங்கில வைத்தியம் இரவல் வாங்கினால் அதற்குக் குறைவொன்றும் வந்துவிடாது.

நாம் கேட்பவை

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்கு அளித்தது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழுள்ளது. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையும் நெடுந்தீவு வைத்தியசாலையும் மாகாணத்தின் கீழுள்ளவை. 2013ஆம் ஆண்டு தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தபோது, இத்தகைய குறைகளை எடுத்துரைக்க மக்கள் தெரிந்தெடுத்த வாயும் மூடப்பட்டது. அது தனிக் கதை. எனினும் மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு திணைக்களமாக இயங்கவே செய்கிறது. நோயாளியைக் கடல் தாண்டிப் போகச் செய்வதற்குப் பதிலாக, மாதமொரு முறை வைத்தியர் ஒருவரையும் உடற்பயிற்சி சிகிச்சையாளர் ஒருவரையும் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் அனுப்பி, நாட்பட்ட நோவுக்கென ஒரு கிளினிக்கு நடத்தவேண்டும் என்று கேட்கிறோம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம். ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒவ்வொரு நோயாளிக்கும் அரை மணி நேரம்.

நோவு, நித்திரை, அலுப்பு ஆகியவற்றைக் கேட்கும் வினாத்தாள் நல்ல தமிழில் அங்கே இருக்கவேண்டும். உளைவு வேறு, குத்து வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு. நம் மொழி இவற்றை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பிலே எல்லாம் வெறும் வலியாகிவிடுகின்றன. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தையே தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களும் வெளியிட்டார். அந்நியர் ஒருவர் அன்று செய்துகாட்டியதில் ஒரு வினாத்தாள் அளவையேனும் நம் வைத்தியப் பெருமக்கள் இன்று செய்யலாகாதா?

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை சிக்கலானது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை, கை போனால் இத்தனை வீதம், கட்டைவிரல் போனால் இத்தனை வீதம் என்று உறுப்பிழப்பைக் கணக்கிடுகிறது. உறுப்பு அனைத்தும் இருந்தும் ஒன்றும் இயங்காதவருக்கு அதில் நிரலில்லை. ஆனால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனமுற்றவர் யார் என்பதை உறுப்பை வைத்து வரையறுக்கவில்லை. உடலின் அல்லது உளத்தின் ஆற்றற் குறைவினால், அது பிறவியிலே வந்ததாயினும் அன்றாயினும், தம் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் யாவரும் அவ்வரையறைக்குள் அடங்குவர். 2016ஆம் ஆண்டு இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் சமவாயமும் நீண்டகாலக் குறைபாட்டையே பேசுகிறது. எக்ஸ்ரே படம் வேண்டும் என்று இவற்றில் எந்த வரியும் கூறவில்லை. அந்த நிபந்தனை மேசைக்குப் பின்னாலிருந்து பிறந்தது. மேன்முறையீட்டிலே அதைத் தகர்க்கலாம்.

ஆகவே விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் மனமுடைந்து வீட்டிலிருக்கவேண்டாம். மறுப்புக் கடிதத்தைக் கிழித்தெறியவும் வேண்டாம். பாடசாலைப் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் எழுதி வாருங்கள்: படுத்த நேரம், நித்திரை வந்த நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு, எழும்பிய நேரம், எழும்பியபோது உடம்பு இருந்த நிலை, அன்று செய்ய முடிந்த வேலை, செய்ய முடியாது போன வேலை. நோகும் இடங்களை ஓர் உருவம் வரைந்து குறியுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் சொல் நோயாளியின் சொல்லாகவே இருக்கட்டும், திருத்தவேண்டாம். வைத்தியரிடம் போகும்போது அதை முதலில் நீட்டுங்கள். மேன்முறையீடு செய்வதானால் அக்கொப்பியைச் சத்தியக் கடதாசியோடு இணைக்கவேண்டும். தீவகத்தில் தொழில் புரியும் சட்டத்தரணிகள் இத்தகைய சத்தியக் கடதாசிக்குக் கட்டணம் வாங்காதிருக்க இசையவேண்டும் என்று நாம் நேரிலும் கேட்டிருக்கிறோம். இப்பத்தியின் வாயிலாக மீண்டும் கேட்கிறோம்.